நவச்சாரப் பனி

டெய்சி கண்ணு,

நீ எதைக் கேட்க ஆவலாக இருப்பாயோ, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கில்பர்ட் அண்ணன் நன்றாக இருக்கிறார். இந்த மார்கழி முழுக்க அவர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. வீட்டை விற்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஜெனி போன் பண்ணினால் முன்பெல்லாம் "அப்பா, மூச்சு எப்படி இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பாள். இப்போது "அப்பா, என்ன சமையல்?" என்கிறாள். அந்தக் கேள்வி மாறியதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இந்தக் கடிதத்தை உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திருப்பிச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. நீயும் நானும் ஒன்றாக வேதியியல் படித்து, தஞ்சாவூரில் ஒரே கல்லூரியில் ஒரே துறையில் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்துப் பக்கத்து மேசையில் காலம் தள்ளியவர்கள். உன் வீடு ஊர் ஓரத்தில், குளத்தங்கரைத் தெருவில். என் வீடு அடுத்த தெருவில். உன் வீட்டுக்காரர் கில்பர்ட் அண்ணன் மெயின் ரோட்டில் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். உன் மகள் ஜெனிக்கு நான் சித்தி. அறிமுகம் போதும்.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. நோய் முற்றிக் குரல் தேய்ந்துபோன நாட்களில் நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "பனிக்காலத்துல அவருக்கு வீசிங் வரும்டி. பாத்துக்கோ." பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எப்படி என்று எனக்கு அப்போது தெரியாது. ஒருவர் மூச்சை இன்னொருவர் எப்படிப் பார்த்துக்கொள்வது?

நீ இல்லாமல் வந்த முதல் மார்கழியில், ஒரு விடியற்காலை அண்ணன் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் பேச்சு இல்லை. விசில் அடிப்பது போல மூச்சுச் சத்தம் மட்டும். அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக ஓர் ஆட்டோவையும் பிடித்துக்கொண்டு ஓடினேன். தெரு முழுக்க வெள்ளை. எதிரே வருகிற மாடு கூடத் தெரியவில்லை. "இந்த வருசம் பனி ரொம்ப ஜாஸ்தி டீச்சர்" என்றார் ஆட்டோக்காரர். சொல்லிவிட்டு அவரே இருமினார். எனக்கும் தொண்டை எரிந்தது. அந்த அவசரத்திலும் ஒரு கேள்வி மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது. பனி குளிரும், சரி. பனி எப்படி எரியும்?

கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் அண்ணன். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். டாக்டர் அவர் தொழிலைக் கேட்டுவிட்டு, "காயில் மேல அடிக்கிற வார்னிஷ் வாடைதான் உங்களுக்கு ஆகலை. பட்டறைப் பக்கமே போகாதீங்க" என்று சொல்லிவிட்டார். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அண்ணன் பட்டறைச் சாவியை வேலையாளிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்தார்.

வீட்டோடு இருந்தும் மூச்சுத் திணறல் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஜெனி லீவு போட்டு வந்தாள். வந்த அன்றே வீட்டை விலைக்குப் பார்க்க ஒரு குடும்பத்தை வரவழைத்துவிட்டாள். "சித்தி, நீங்களாவது சொல்லுங்க. அம்மாவைத்தான் காப்பாத்த முடியல. அப்பாவையும் இங்க விட்டுட்டு நான் அங்க எப்படித் தூங்குறது?" என்று அடுக்களையில் நின்று அழுதாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அண்ணன் கூடத்திலிருந்தே பதில் சொன்னார். "உங்கம்மாவை அடக்கம் பண்ணின ஊரும்மா இது. ஞாயித்துக்கிழமையில அங்க போய்ச் சித்த நேரம் நிக்கிறேன். கோயம்புத்தூர்ல நான் எங்க போய் நிப்பேன்?"

நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். யார் பக்கம் பேசுவது?

இதே சமயம் தெருவில் வேறொரு சண்டை மூண்டிருந்தது. வீட்டுக்கு வீடு இருமல். எல்லாருக்கும் கண்ணில் பட்டது ராஜேந்திரனின் ரைஸ் மில் புகைபோக்கி. உமி எரித்து நெல் அவிக்கிற மில். கறுப்பாகப் புகை வருவது ஊருக்கே தெரியும். மில்லை இழுத்து மூட வேண்டும் என்று சமுதாயக் கூடத்தில் கூடினார்கள். மூடினால் அங்கே மூட்டை தூக்குகிறவர்கள், நெல் காயப்போடுகிற பெண்கள் எல்லாரும் தெருவில்தான் நிற்க வேண்டும். ராஜேந்திரன் கோபப்படவில்லை. கையைப் பிசைந்துகொண்டு ஒன்று கேட்டார்.

"எங்கப்பா காலத்துலேர்ந்து ஓடுற மில்லு இது. சித்திரையிலயும் இதே உமிதான் எரியுது. அப்பல்லாம் யாருக்கும் இருமல் வரலியே, ஏன்?"

"வெயில் காலத்துல புகை மேல போயிடும். பனிக்காலத்துல கீழ இறங்குது" என்றார் ஒருவர்.

டெய்சி, இரண்டு பேர் சொன்னதும் சரி. பனிக்காலத்தில் பொழுது சாய்ந்ததும் தரை சட்டென்று குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, அப்படியே படுத்துக்கொள்ளும். அதற்கு மேலே சற்றுச் சூடான காற்று, பானைக்கு மூடி போட்ட மாதிரி. கீழே நாம் எரிப்பதெல்லாம் அந்த மூடிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். காலை வெயில் ஏறித் தரை சுட்டால்தான் மூடி திறக்கும். வடக்கே பெரிய நகரங்கள் குளிர்காலத்தில் மூச்சு முட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் மூடியைப் பற்றிச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். பானைக்குள் என்ன இருக்கிறது? நான் எழுந்து, "கொஞ்ச நாள் பொறுங்க. காத்துல என்ன இருக்குன்னு பாத்துட்டு அப்புறம் சண்டை போடுவோம்" என்றேன். நீ இருந்திருந்தால் எனக்கு முன்னால் எழுந்திருப்பாய்.

சொல்லிவிட்டேனே தவிர, காற்றை இழுத்து வடிகட்ட நம் கல்லூரியில் ஒழுங்கான கருவி கிடையாது. அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிந்தது. பழைய ப்ளோயர் ஒன்றை வரவழைத்து, முற்றத்தில் உட்கார்ந்து புதிதாகக் காயில் கட்டினார். வார்னிஷ் மட்டும் வேலையாள் அடித்தான். கண்ணாடி இழை வடிதாளை அதன் வாயில் பொருத்தி உன் வீட்டு மொட்டை மாடியில் வைத்தோம். "இத்தனை நாள் தண்ணி இழுக்க மோட்டார் கட்டினேன். காத்து இழுக்க இப்பத்தான் கட்டுறேன்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது.

வடிதாள் மறுநாள் காலை சாம்பல் பூத்துப் போயிருந்தது. கறுப்பு இருந்தது, அது புகைக்கரி. லேபுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் ஊறவைத்து வடித்து, அமிலம் சேர்த்து, சில்வர் நைட்ரேட் விட்டேன். கெட்டித் தயிர் போல வெள்ளையாகத் திரண்டது. குளோரைடு! இன்னொரு குழாயில் நெஸ்லர் கரணி விட்டேன். பழுப்பு. அம்மோனியா! எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை வருடம் இந்தச் சோதனைகளைச் செய்துகாட்டியிருக்கிறோம்? பரிசோதனைக் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்து மேசையைப் பார்த்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் விட்டேன். புதிதாக வந்திருக்கும் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

அம்மோனியம் குளோரைடு. நம் ஊர்ப் பெயர் நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் சூடான பாத்திரத்தில் தேய்ப்பாரே, குப்பென்று வெண்புகை கிளம்புமே, அதே உப்பு. அதுதான் நம் தெருவில் பனியோடு பனியாக இறங்கியிருக்கிறது. எங்கோ ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி கிளம்புகிறது. சாக்கடை, மாட்டுக்கொட்டில், யூரியா போட்ட வயல் என்று சுற்றிலும் அம்மோனியா இருக்கிறது. இரண்டும் காற்றில் சந்தித்தால் உப்புத் துகள். வெயில் காலத்தில் அந்த உப்பு நிலைக்காது, சூட்டில் மறுபடியும் இரண்டு ஆவியாகப் பிரிந்துவிடும். குளிரில் துகளாகவே நிற்கும். ஈரத்தைக் குடித்து ஊதும். ஊதிய துகள் வெளிச்சத்தைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரியும். நாம் பனி என்போம்.

கும்பகோணத்துப் பக்கம் வயல் பார்க்கும் என் கூடப்பிறந்த அண்ணனிடம் போனில் சொன்னேன். "சரிதான், இப்பப் புகைக்கும் விவசாயிதான் காரணமா?" என்று எகிறினார். "இல்லண்ணே, அமிலம் எங்கேர்ந்து வருதுன்னுதான் தேடுறேன். அதை நிறுத்திட்டா உங்க அம்மோனியாவுக்கு ஜோடி கிடைக்காது" என்றேன்.

உமியிலும் கொஞ்சம் குளோரின் உண்டு. அதனால், மில் காரணமில்லை என்று அப்போதே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொங்கலுக்கு மில்லை நிறுத்தினார்கள். அடுப்பு அணைந்து கிடந்த அந்த நாட்களிலும் வடிதாளில் அதே தயிர் வெண்மை. பிறகு தை மாதத்தில் யாரும் எதிர்பாராமல் ஒரு மழை அடித்தது. முற்றிய சம்பா தலை சாய்ந்து தண்ணீரில் கிடக்க, ஊரே தலையில் கை வைத்தது. மழை விட்ட மறுநாள் மில் ஓடியது. தரையில் பனியும் இருந்தது. ஆனால் தொண்டை எரியவில்லை. கில்பர்ட் அண்ணன் இன்ஹேலரைத் தொடவில்லை. ஊர் அழுகிற நேரத்தில் ஒரு மனிதர் நிம்மதியாக மூச்சு விடுவதைப் பார்த்து நான் எந்த முகத்தோடு சந்தோஷப்படுவது?

மழையில் அணைந்தது எது? மில் அடுப்பு இல்லை. திறந்த வெளியில் எரிந்த ஏதோ ஒன்று.

தரை காய்ந்ததும் எரிச்சல் திரும்பி வந்தது. அன்று காலை பொழுது விடிந்தவுடன் குளத்துக்குப் பின்னால் இருக்கும் குப்பை மேட்டுக்கு நடந்தேன். வேண்டாம் என்று சொல்லியும் அண்ணன் மாஸ்க் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். புகை வராத பக்கமாக அவரைக் கரையில் நிற்கவைத்துவிட்டு நான் இறங்கினேன். மேட்டின் சரிவில் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் நெருப்பு. டெய்சி, அந்த நெருப்பு பச்சையாக இருந்தது.

உனக்கு விளக்க வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். செம்பும் குளோரினும் தீயில் சேர்ந்தால் சுவாலை பச்சையாகும். அவள் எரித்துக்கொண்டிருந்தது கரண்ட் ஒயர். மேலே இருக்கும் பி.வி.சி. உறை கருகி அமில ஆவியாகக் கிளம்ப, உள்ளே இருக்கும் செம்பு அவள் கைக்கு வரும். பக்கத்தில் இன்னும் சில இடங்களில் அதே மாதிரி கருகிய வட்டங்கள்.

அவள் பெயர் செல்வி. என்னைப் பார்த்ததும் எழுந்து குச்சியைக் கீழே போட்டாள். "தெனம் இப்படித்தான் செய்றீங்களா?" என்று கேட்டேன்.

"பின்ன என்ன டீச்சர் பண்றது? கத்தியால தோலை உரிச்சா நாள் பூராப் போயிடும், கையும் கிழியும். கொளுத்திவிட்டா கொஞ்ச நேரத்துல கம்பி வந்துடும். விடியறதுக்குள்ள வேலையை முடிச்சாத்தான் சத்தம் போட ஆள் வராது." சொல்லும்போதே இருமினாள். அண்ணன் இருமுகிற அதே இருமல்.

அதற்குள் அண்ணன் இறங்கி வந்துவிட்டார். எரியாமல் கிடந்த குவியலிலிருந்து தட்டையான கேபிள் துண்டு ஒன்றை எடுத்தார். ஆழ்குழாய் மோட்டாருக்குப் போடுகிற கேபிள். முனையில் சிவப்புப் பெயின்ட் கோடு. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது நம்ம பட்டறைக் கேபிளும்மா. நான் அடிச்ச பெயின்ட். பழசைக் கழட்டிக் காயலான் கடைக்குப் போடுவோம். அது இங்க வந்து எரியும்னு எனக்கு எங்க தெரியும்?"

நான் அவரைக் கைபிடித்துக் கரைக்கு அழைத்துவந்தேன். மதகுக் கட்டையில் உட்கார்ந்தவர் அந்தக் கேபிள் துண்டைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "டெய்சியும் இதைத்தானே சுவாசிச்சா? அவளுக்கு வந்த நோய்..."

தெரியாது என்றேன். அப்படி ஒரு காரணத்தை ஒரு வடிதாளை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆறுதலுக்காக இல்லை என்றும் நான் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. நீயாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாய் என்று நினைக்கிறேன். அவர் தலையை ஆட்டினார். "தெரியாதுன்னா விட்டுடுவோம். தெரிஞ்சதைச் சரி பண்ணுவோம்" என்று எழுந்துகொண்டார்.

மறுபடியும் கூட்டம் கூட்டினோம். இந்தத் தடவை நான் லேபிலிருந்து இரண்டு சின்னப் பாட்டில்கள் கொண்டுபோனேன். ஜன்னலையெல்லாம் திறக்கச் சொல்லி, அண்ணனை வெளியே வராந்தாவில் உட்காரவைத்தேன். ஒரு பாட்டிலில் அமிலம், ஒன்றில் அம்மோனியா. இந்தச் சோதனையில் எப்போதும் ஒரு பாட்டில் உன் கையில்தான் இருக்கும். யார் பிடிப்பது என்று நான் தயங்கியபோது ராஜேந்திரன் எழுந்து வந்து கையை நீட்டினார். இரண்டு வாயையும் பக்கத்தில் கொண்டுபோனோம். நடுவில் வெள்ளையாகப் புகை சுருண்டு எழுந்தது.

"இதான் நம்ம தெருப் பனி" என்றேன். "ஒரு பாட்டில் குப்பை மேட்டுலேர்ந்து வருது. அதை மூடிட்டா இது நிக்கும்." பாட்டிலை மூடினேன். புகை நின்றது.

மில் மேல் குற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வடிதாளில் கரியும் இருந்தது. ராஜேந்திரன் தானாகவே புகைபோக்கிக்குத் தூசி பிடிக்கும் தொட்டி கட்டினார். குப்பை மேட்டில் எதையும் கொளுத்தக்கூடாது என்று தெரு முடிவு செய்தது. ஆனால் செல்வி மாதிரி ஆட்களை விரட்டினால் வேறொரு குளத்தங்கரையில் போய்க் கொளுத்துவார்கள், வேறொரு தெரு இருமும். அதை அண்ணன்தான் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. பட்டறையை மறுபடியும் திறந்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, ஒரு பழைய மோட்டாரில் இரண்டு உருளையும் ஒரு பிளேடும் பொருத்தி, ஒயர் உரிக்கும் மெஷின் ஒன்று செய்தார். முதலில் செய்தது கம்பியையே வெட்டிப்போட்டது. அடுத்தது பாதியில் மாட்டிக்கொண்டது. ஆவணி வாக்கில்தான் சரியாக வந்தது. ஒரு பக்கம் ஒயரை விட்டால் மறுபக்கம் தோல் தனியாக, செம்பு தனியாக.

இப்போது செல்வி பட்டறைக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில்தான் வேலை செய்கிறாள். அவளோடு கொளுத்தியவர்களும் அங்கேதான் ஒயர் கொண்டுவருகிறார்கள். "எரிச்ச கம்பி கறுத்துக் கெடக்கும் டீச்சர். இது பாருங்க, வளையல் மாதிரி மினுக்குது. கடைக்காரரு நம்பவே மாட்டேங்கிறாரு" என்று என்னிடம் ஒரு கத்தையைத் தூக்கிக் காட்டினாள். அவள் இருமலும் குறைந்திருக்கிறது. முழுக்கப் போகவில்லை. உரித்த தோலை என்ன செய்வது என்பது இன்னும் தீரவில்லை. சாக்குகளில் கட்டிக் கொட்டகையில் அடுக்கியிருக்கிறோம். வாங்கிக்கொள்ளும் தொழிற்சாலை ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு இந்த மார்கழி வந்தது. பனி விழ ஆரம்பித்ததும் அண்ணன் வீட்டில் இன்ஹேலர் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஜெனி தினமும் காலையில் போன் பண்ணினாள். பனி விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. ஆனால் நனைந்த துணி முகத்தில் படுவது போலக் குளிர்ச்சியாக மட்டும் இருந்தது. எரியவில்லை. ப்ளோயரை மாடியில் வைத்து வடிதாளைச் சோதித்தேன். சில்வர் நைட்ரேட் விட்டால் லேசாக ஒரு கலங்கல், அவ்வளவுதான். லேப் என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மேசைப் பெண் இந்தத் தடவை எழுந்து வந்து, "என்ன மேடம்?" என்று கேட்டாள். சொன்னேன். அவளும் சிரித்தாள். நல்ல பெண், டெய்சி. உனக்குப் பிடித்திருக்கும்.

கிறிஸ்துமசுக்கு முன்னால் உங்கள் கோயில் பாட்டுக் கோஷ்டி விடியற்காலையில் வீடு வீடாக வருமே, அதில் அண்ணன் போனார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். உன் தெருவும் என் தெருவும் முழுக்கப் பாடிக்கொண்டு வந்தார். என் வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே மாவுக் கையோடு நின்றுவிட்டேன். அந்த அடிக்குரல்! பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியையும் தாண்டிக் கேட்டது. பாட்டு முடிந்ததும் காப்பி கேட்டார். அவர் பாடி முடித்துக் காப்பி கேட்பதை நான் பார்த்து எத்தனை காலமாயிற்று? அதற்குப் பிறகுதான் ஜெனி வீட்டைக் கேட்டிருந்தவர்களுக்குப் போன் பண்ணி, "மன்னிச்சுக்குங்க, அப்பா இங்கயேதான் இருக்கப் போறாங்க" என்று சொன்னாள்.

இதை உன் வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வடிதாள் மாற்ற வந்தேன். சற்று முன் கில்பர்ட் அண்ணன் மேலே வந்து எட்டிப் பார்த்தார்.

"டெய்சிக்குத்தானே எழுதுறீங்க?"

"ஆமாண்ணே. ஏதாவது சொல்லணுமா?"

ஏறி வந்த படிகளைத் திரும்பிப் பார்த்தார். "மாடிப்படி ஒரே மூச்சுல ஏறிட்டேன்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன். இனி என் பங்குக்கு ஒன்று. பனிக்காலம் வரும்போதெல்லாம் இந்த மாடியில் வடிதாள் வைப்பேன். குழாயில் வெண்மை திரண்டால் அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போவேன். எனக்கு முடியாமல் போகும் நாளில் அந்தப் பக்கத்து மேசைப் பெண் போவாள். அவளிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். அவர் மூச்சைப் பற்றி நீ இனிமேல் கவலைப்படாதே.

உன் ஜெனிக்குச் சித்தி,
உமா